முதல் மேட்சில் தோற்றால் கோப்பை நமக்குத்தானா?

30 செப்டம்பர் 2018, இரவு. ஒரு ரசிகரின் கேள்வி

ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கில் நம் சென்னையின் எஃப்சி அணி பெங்களூரில் 0-1. அவர்களுடைய மிகு போட்ட ஒரே ஒரு கோல். அதற்குள் ஏன் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்? 2015-இல் முதல் மேட்ச் தோற்றோம், கோப்பை வந்தது. 2017-இல் முதல் மேட்ச் தோற்றோம், கோப்பை வந்தது. இப்போதும் தோற்றாகிவிட்டது. சென்னையினுக்கு இதுதான் ராசி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

1 அக்டோபர் 2018, காலை

மறுக்க மனசு வரவில்லை. நேற்று ராத்திரி டிவியை அணைத்த பிறகு நானும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். 2015 அக்டோபர் 3, நேரு ஸ்டேடியத்தில் கொல்கத்தாவிடம் 2-3. 2017 நவம்பர் 19, அதே ஸ்டேடியத்தில் கோவாவிடம் 2-3. அந்த இரண்டு சீசனிலும் ஃபைனலை ஜெயித்தது 3-2. தோற்ற எண்ணைத் திருப்பிப் போட்டால் ஜெயித்த எண் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு ராசி என்று சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான்.

ஆனால் கோவா மேட்ச் அன்று நான் பி ஸ்டாண்டில் இருந்தேன், அதை முழுசாகச் சொன்னால்தான் நேற்றைய தோல்வி எனக்கு ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று புரியும். அக்கா பையனையும் கூட்டிப்போயிருந்தேன், அப்போது அவனுக்குப் பதினோரு வயது. பெரம்பூரில் ரயில் ஏறும்போதே கன்னத்தில் நீலம் தீட்டிக்கொண்டு வந்துவிட்டான். கோரோ, லான்சரோட்டே, மந்தார் ராவ் தேசாய் என்று வரிசையாக மூன்று கோல், நாற்பது நிமிஷத்துக்குள் 0-3. கன்னத்து நீலம் வேர்வையில் கரைந்து சட்டைக் காலர் வரைக்கும் வந்திருந்தது. "மாமா, இன்னும் எவ்வளவு போடுவாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இடைவேளையில் எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பம் அப்படியே எழுந்து போய்விட்டது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டாம் பாதியில் நம்மவர்கள் ஆடிய விதமே வேறு. கால்தெரோன் ஒன்று போட்டார், கடைசியில் பெனால்டியில் அகஸ்தோ ஒன்று. 2-3 ஆன பிறகு ஸ்டாண்டில் ஒருவர்கூட உட்காரவில்லை. இன்னும் பத்து நிமிஷம் இருந்தால் சமன் ஆகியிருக்கும் என்று அங்கே இருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோற்ற மேட்ச்தான், ஆனால் வெளியே வந்த கூட்டம் மூர்மார்க்கெட் ஸ்டேஷன் வரைக்கும் பேசிக்கொண்டே போனது. நான்கே நாளில் நார்த்ஈஸ்ட் அணியை 3-0 அடித்தபோது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை.

நேற்று அந்த மாதிரி ஒரு இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

1 அக்டோபர் 2018, இரவு

கணக்கு முழுசாக இருக்கட்டும் என்று பழைய சீசன்களையும் எடுத்துப் பார்த்தேன். 2014-இல் முதல் மேட்ச் கோவாவில் 2-1 என்று ஜெயித்தோம். லீக்கில் முதலிடமும் வந்தோம், ஆனால் செமியில் கேரளாவிடம் எக்ஸ்ட்ரா டைமில் போனது. 2016-இல் முதல் மேட்ச் 2-2 டிரா, ஏழாவது இடத்தில் முடிந்தது. ஆக ஜெயித்து ஆரம்பித்தால் கோப்பை இல்லை, டிராவில் ஆரம்பித்தால் கோப்பை இல்லை, தோற்று ஆரம்பித்தால் கோப்பை. கேள்வி கேட்ட நண்பருக்கு இது இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

மொத்தம் நான்கே சீசன். நான்கு தடவை சுண்டின காசை வைத்து ஐந்தாவது தடவை பந்தயம் கட்டுவீர்களா?

3 அக்டோபர் 2018

மேட்சை இன்னொரு தடவை பார்த்தேன். முதல் தடவை கோபத்தில் பார்த்தது, அதில் ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

நம் ஸ்ட்ரைக்கர் ஜேஜேவுக்கு வாய்ப்பு வராமல் இல்லை. வந்ததைக் கோலாக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் மார்ச் மாதம் கோவாவுக்கு எதிரான செமியில் அவர் போட்ட இரண்டு கோலை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கு வருகிற வறட்சி தானாகத் தீரும் என்று நம்புகிறேன்.

எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது நடு மைதானம். தனபால் கணேஷ் இல்லை. முழங்கால் காயம். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பெயர்தான், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்படி இல்லை. கணேஷ் வியாசர்பாடிப் பையன். அங்கே சாயங்காலம் மைதானத்தில் ஒரு பந்துக்குப் பின்னால் முப்பது பையன்கள் ஓடுவார்கள், பாதிப் பேர் காலில் ஒன்றும் இருக்காது. அங்கிருந்து ஒருவன் போய் நேரு ஸ்டேடியத்தில் செமியில் தலையால் முட்டிக் கோல் போட்டபோது, வியாசர்பாடியில் வெடி வெடித்தது பெரம்பூர் வரைக்கும் கேட்டது என்று அக்கா சொன்னாள். அந்த சீசன் முழுக்க எதிராளி பந்தோடு நிமிர்ந்து பார்ப்பதற்குள் கணேஷ் அவன் காலடியில் இருப்பான். போன ஞாயிறு பெங்களூரின் மிகுவுக்கும் சேத்ரிக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்தது. டிஃபென்ஸில் செரினோவும் இப்போது நம்மோடு இல்லை. கேப்டன் போய்விட்டார், அவர் முன்னால் நின்று காப்பாற்றினவனும் இல்லை. இந்த இரண்டு இடத்தையும் யார் நிரப்பியிருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோச்சை மாற்று என்று இரண்டு நாளாக ஒரு கூட்டம் கத்துகிறது. ஆறு மாசத்துக்கு முன்னால் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுஷன் ஜான் கிரிகரி. ஒரு மேட்ச், அதுவும் பெங்களூரில், அதுவும் ஒரு கோலில். கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?

7 அக்டோபர் 2018, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று நம் வீட்டிலேயே கோவாவிடம் 1-3. நம்முடைய ஒரே கோல் எல்லாம் முடிந்த பிறகு இஞ்சுரி டைமில் எலி சாபியா போட்டது.

தோற்றதைவிட வேறு ஒன்று எனக்கு வலித்தது. எண்பதாவது நிமிஷத்தில் மூன்றாவது கோல் விழுந்த உடனே ஸ்டாண்ட் காலியாக ஆரம்பித்தது. வரிசை வரிசையாக எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் படி பார்த்து இறங்குகிறார்கள். மைதானத்தில் நம் பதினோரு பேரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மேளம் அடிக்கிற பையன்கள் மட்டும் நிறுத்தவில்லை. ஆள் இல்லாத ஸ்டாண்டில் மேளச் சத்தம் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, அதற்கு முன்னால் எனக்கு அது கேட்டதே இல்லை, நிறைந்த ஸ்டாண்டில் எதிரொலி வராதே.

டிக்கெட் வாங்கினவன் தொண்ணூறு நிமிஷம் உட்கார வேண்டும். ஜெயிக்கும்போது மட்டும் செல்ஃபி எடுக்க வருகிறவர்களை ரசிகர் என்று நான் சொல்ல மாட்டேன்.

8 அக்டோபர் 2018

நேற்று எழுதியதில் கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அச்சகத்தில் கூட வேலை செய்கிற நண்பர் ஒருவர் திருவள்ளூரிலிருந்து வருகிறார். ஏழரை மணி மேட்ச் முடிந்து, கூட்டத்தில் நீந்தி ஸ்டேஷன் போய், ரயில் பிடித்து வீடு சேர நள்ளிரவு ஆகிவிடும் என்றார். "நீ பெரம்பூர், உனக்கென்ன, அஞ்சு நிமிஷ ரயில்" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயம். பெண் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்கும் அந்தக் கணக்கு உண்டு.

ஆனாலும் அந்த எதிரொலி மறக்க மாட்டேன் என்கிறது.

19 அக்டோபர் 2018

ஆயுத பூஜையும் அதுவுமாக இப்படியா.

நேற்று மத்தியானம் அச்சகத்தில் மெஷினைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, பொரி கடலை பிரித்துக்கொடுத்துவிட்டு நேராக ஸ்டேடியம் போனேன். ஸ்டாண்டில் மேளத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அடிக்க அடிக்கக் குங்குமம் தெறித்து அடிக்கிற பையன் கையெல்லாம் சிவப்பு. அரை மணி நேரத்தில் நாம் 3-1 என்று முன்னால் இருந்தோம். தோய் சிங் இரண்டு. பக்கத்தில் இருந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தலையில் கை வைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

அப்புறம் நார்த்ஈஸ்ட்டின் ஒக்பெச்சே. இடைவேளைக்குள் தனி ஆளாக மூன்று கோல். இரண்டாம் பாதி ஆரம்பித்துச் சில நிமிஷத்தில் ரௌலின் போர்ஜஸ் நான்காவது. 3-4. நார்த்ஈஸ்ட்டிடம், நம் வீட்டில்.

மூன்று கோல் போட்டுத் தோற்ற அணிக்குக் கோல் போடுகிற பக்கம் என்ன குறை இருக்க முடியும்? மூன்றாம் தேதி எழுதியபோது கோல் வரவில்லை என்பதும் ஒரு கவலை. நேற்று கோல் வந்தது, பிடித்து வைக்கத் தெரியவில்லை. 3-1 ஆன பிறகு பந்தை வாங்கி, இரண்டு நிமிஷம் காலில் வைத்து, ஆட்டத்தின் சூட்டைத் தணிக்க ஒரு ஆள் நடுவில் வேண்டும். திரும்பவும் கணேஷ் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்.

ராசி பேசின நண்பரே, இரண்டாவது மேட்சும் மூன்றாவது மேட்சும் தோற்றால் என்ன பலன் என்று சொல்லுங்கள்.

20 அக்டோபர் 2018

அவர் பதில் அனுப்பினார். 2015-இலும் முதல் இரண்டு மேட்சும் தோற்றோம், இரண்டாவது டெல்லியில் 0-1, மறந்துவிட்டீர்களா என்கிறார். சரிதான், அது என் நினைவில் இல்லை. அந்த வருஷம் லீக்கில் பாதாளம் வரைக்கும் போய், கடைசி நான்கு மேட்சையும் வரிசையாக ஜெயித்துத்தான் செமிக்கு வந்தோம். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்தது, நம் செமியைப் புனேவுக்கு மாற்றினார்கள், அங்கே கொல்கத்தாவை 3-0 அடித்தோம். எங்கள் தெருவில் கரண்ட் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஈரம் காயாத சுவரில் சாய்ந்துகொண்டு அந்த மேட்ச் பார்த்தோம். ஃபைனலில் தொண்ணூறாவது நிமிஷம் வரைக்கும் கோவா 2-1. அந்தக் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுப் பந்து அவர் வலைக்கே போனதும், இரண்டு நிமிஷத்தில் மென்டோசா அடித்ததும், இப்போது எழுதும்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அதை ராசி என்று சொன்னால் மென்டோசா போட்ட 13 கோலையும் யார் கணக்கில் எழுதுவது? அந்த சீசனில் லீக்கிலேயே அதிகக் கோல் அவருடையது. முதல் மேட்சில் நம்மை இரண்டு கோல் அடித்த கொல்கத்தாவின் போஸ்டிகா அதே மேட்சில் காயம்பட்டு அதன் பிறகு அந்த சீசனில் ஆடவே இல்லை. நாம் மீண்டு வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. இப்போது அப்படி ஒரு மென்டோசா நம்மிடம் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

7 நவம்பர் 2018

தீபாவளி ராத்திரி புனேயில் 4-2. முதல் வெற்றி. தெருவில் எவன் வெடித்தாலும் நமக்காகத்தான் என்று அக்கா பையன் சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்கு வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

10 பிப்ரவரி 2019

மூன்று மாசமாக இந்தப் பக்கம் வரவில்லை. வந்து என்ன எழுதுவது, தேதியை மாற்றி அதே தோல்வியைத்தான்.

நேற்று பெங்களூரை நம் ஸ்டேடியத்தில் 2-1 ஜெயித்தோம். சீசனில் இரண்டாவது வெற்றி. ஜேஜே ஒரு கோல் போட்டார். பந்து வலைக்குள் போனதும் அவர் ஓடவில்லை, கத்தவில்லை, ஒரு வினாடி அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோது அக்டோபரில் அவர் பெயர் சொல்லித் திட்டினவர்கள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஸ்டாண்டில் கூட்டம் கொஞ்சம்தான், ஆனால் இருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

4 மார்ச் 2019

முடிந்தது. பதினெட்டு மேட்ச், இரண்டு வெற்றி, மூன்று டிரா, 9 பாயிண்ட், பத்து அணியில் பத்தாவது இடம். நடப்புச் சாம்பியன் கடைசி இடம்.

2017-இல் முதல் மேட்ச் 0-3 வரைக்கும் போய்ப் பயந்தோம், அந்த வருஷம் கோப்பை வந்தது. 2018-இல் முதல் மேட்ச் 0-1தானே என்று தேற்றிக்கொண்டோம், இந்த நிலை. அந்தப் பூஜ்யத்துக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் பாதி கேட்டேன், மீதிப் பாதியில் 2-3, 3-2 என்று எண்ணைத் திருப்பிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். ரசிகன் கேட்டு கிளப் எதையும் மாற்றப்போவதில்லை, அது தெரியும். ஆனால் அக்டோபரிலேயே உள்ளதை உள்ளபடி பார்த்திருந்தால் நம்மில் பலர் நவம்பரில் அவ்வளவு ஆத்திரப்பட்டிருக்க மாட்டோம், ஒரு பையனின் பெயரைச் சொல்லி அவ்வளவு மோசமாகப் பேசியிருக்க மாட்டோம்.

24 அக்டோபர் 2019

திரும்பவும் முதல் மேட்ச். திரும்பவும் தோல்வி. கோவாவில் 0-3.

வரிசையாக மூன்றாவது சீசன் தோல்வியில் ஆரம்பிக்கிறது. காலையில் போனைத் திறந்தால் "ராசி வந்தாச்சு" என்று நாலு செய்தி. போன வருஷம் இதைச் சொன்னவர்களே இந்த வருஷமும் சொல்கிறார்கள், நடுவில் ஒரு பத்தாவது இடம் வந்தது யாருக்கும் நினைவில் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டு அடுத்த மேட்சுக்குப் போக வேண்டியிருக்கிறதே, அதுவும் புரிகிறது.

நேற்றைய மேட்சைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. புது ஆட்கள் கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், ஷெம்ப்ரி மூவருக்கும் பந்தோடு பழக்கம் இருக்கிறது. ஒருவர் எங்கே ஓடுவார் என்று இன்னொருவருக்கு இன்னும் தெரியவில்லை. நெருப்பு இருக்கிறது, அடுப்பு சேரவில்லை. இது போன வருஷத்து 0-1 மாதிரி எனக்குப் படவில்லை.

31 அக்டோபர் 2019

தீபாவளி அன்று மும்பையோடு 0-0. நேற்று கொல்கத்தாவிடம் 0-1. மூன்று மேட்ச், கோல் பூஜ்யம். அடுப்பைப் பற்றி எழுதியதை இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். அழிக்கவும் இல்லை, திரும்பச் சொல்லவும் இல்லை.

26 நவம்பர் 2019

இதை எழுதாமல் இருக்க முடியாது.

நடுவில் பெங்களூரிலும் 0-3. நேற்று நான்கு மேட்சாக ஒரு கோல்கூடப் போடாத அணியாக ஹைதராபாத்தைச் சந்தித்தோம். திங்கட்கிழமை. அச்சகத்தில் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். எண்பத்தெட்டாவது நிமிஷம், 0-0. எழுந்துவிட்டேன். ஆமாம், நான்தான். போன வருஷம் மூன்றாவது கோலுக்கு எழுந்தவர்களைப் பற்றி அப்படி எழுதினவன். கூட வந்த அக்கா பையன் "மாமா, இன்னும் இருக்கு" என்றான். "வாடா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கேட்டைத் தாண்டி ராஜா முத்தையா சாலையில் கால் வைத்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம். ஸ்டேடியத்துக்குள் இருக்கும்போது கோல் சத்தம் உன்னைச் சுற்றி இருக்கும், அதில் நீயும் ஒரு தொண்டை. வெளியிலிருந்து கேட்டால் அது வேறு. கூரைக்கு மேலே எழும்பி, விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் நின்று, அப்புறம் சாலையில் கொட்டுகிறது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஷெம்ப்ரி. தொண்ணூற்று இரண்டாவது நிமிஷம். சீசனின் முதல் கோல்.

ஓடினோம். போனவர்களைத் திரும்ப உள்ளே விட மாட்டோம் என்றார் கேட்டில் நின்றவர். அங்கேயே நின்றோம், எங்களை மாதிரி இன்னும் இருபது முப்பது பேர். மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று அது நின்றது. ஒரு கூச்சலும் இல்லை, மேளம் மட்டும் பாதி அடியில் நின்றது. பையன் என்னைப் பார்த்தான். ஹைதராபாத் சமன் செய்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. போனை எடுத்துப் பார்க்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஓரிரு நிமிஷம் இருக்கும். இரண்டாவது முறை அந்தச் சத்தம் எழுந்தது. இந்தத் தடவை முன்னதைவிடக் கனமாக, நடுவில் ஒரு பிளவு விழுந்து, ஆட்கள் கத்துவதும் அழுவதும் சேர்ந்த மாதிரி. கேட்டில் நின்றவரே உள்ளே எட்டிப் பார்த்தார். வால்ஸ்கிஸ். 2-1. மூன்று கோலும் இஞ்சுரி டைமில் விழுந்த மேட்ச், மூன்றையும் நான் சாலையில் நின்று கேட்டேன்.

வெளியே வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பதின்மூன்று வயசுப் பையன், லேசான கனமா. "நீ பார்த்தியா, நீ பார்த்தியா" என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் "பார்த்தேன்" என்று சொன்னான். ரயிலில் என்னோடு அவன் பேசவில்லை.

4 டிசம்பர் 2019

ஜான் கிரிகரி விலகிவிட்டார். ஓவன் காய்ல் வந்திருக்கிறார். போன வருஷம் அக்டோபரில் நன்றி வேண்டாமா என்று நான் கேட்டிருந்தேன். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. 2018 மார்ச் ஃபைனலில் பெங்களூர் கான்டீரவா மைதானத்தில் நம் மைல்சன் ஆல்வ்ஸ் இரண்டு கார்னரையும் தலையால் முட்டி உள்ளே போட்டது அவர் காலத்தில்தான், அதை யாரும் எடுத்துவிட முடியாது. ஆறு மேட்சில் 5 பாயிண்ட் என்பதும் உண்மை. போகிற வழியில் யாரும் அவரை வசைபாடி அனுப்ப வேண்டாம்.

2 பிப்ரவரி 2020

கொச்சியில் கேரளாவை 6-3! ஒக்பெச்சே இப்போது கேரளாவில் ஆடுகிறார். நேற்றும் நமக்கு எதிராக மூன்று கோல் போட்டார். அந்த ஆயுத பூஜை ராத்திரி மாதிரியே. இந்தத் தடவை அவர் மூன்று போட்டும் நாம் ஆறு போட்டோம். இதற்கு முன்னால் ஹைதராபாத், நார்த்ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர் எல்லாம் வரிசையாக.

கோச்சை மாற்று என்று முதலிலிருந்தே சொன்னவர்கள் சொன்னது சரி. அதே ஆட்கள், அதே ஜெர்சி, காய்ல் வந்து பந்தை முன்னால் விளையாடச் சொன்னார், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிற வித்தியாசம். 2018-இல் அவர்களோடு சண்டை போட்டேன். அப்போது ஒரு மேட்சை வைத்துப் பேசினார்கள், அது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த சீசனின் பத்தாவது மேட்சிலும் நான் அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன், அது என் தப்பு.

1 மார்ச் 2020

செமி முதல் மேட்ச், நேரு ஸ்டேடியம், கோவாவை 4-1. லீக்கில் முதலிடத்தில் வந்த கோவா, அக்டோபரில் நம்மை 0-3 அடித்த கோவா. தொண்டை போய்விட்டது. வீட்டில் சைகைதான். இஞ்சுரி டைமில் பையன் கடிகாரத்தைப் பார்த்தான், நான் அவன் பக்கமே திரும்பவில்லை, கடைசி விசில் வரைக்கும், அதற்கு அப்புறம் வீரர்கள் நம் ஸ்டாண்ட் பக்கம் வந்து கை தட்டிவிட்டுப் போகிற வரைக்கும், மைதானத்தில் விளக்கைக் குறைக்கிற வரைக்கும் இருந்தோம்.

15 மார்ச் 2020

கோவா செமி இரண்டாவது மேட்ச் 2-4, மொத்தத்தில் 6-5 என்று தப்பித்து ஃபைனல் வந்தோம். நேற்று ஃபைனல். கொல்கத்தாவிடம் 1-3.

கொரோனா என்று கோவாவின் ஃபதோர்டா ஸ்டேடியத்துக்குள் ரசிகர்களை விடவில்லை. காலி ஸ்டாண்ட். டிவியில் கோல்கீப்பர் கத்துவது கேட்டது, பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. வால்ஸ்கிஸ் நம் கோலைப் போட்டார், சீசனில் அவருக்கு 15-ஆவது, அதிகக் கோலுக்கான தங்கக் காலணி அவருக்குத்தான். அந்தக் கோலுக்கு எழுந்த சத்தம் எங்கள் வீட்டு ஹாலில் மட்டும்தான் கேட்டது. அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

கேள்வி கேட்ட நண்பர் காலையில் செய்தி அனுப்பியிருந்தார். முதல் மேட்ச் தோற்ற நான்கு சீசனில் இரண்டு கோப்பை, ஒரு இரண்டாம் இடம், ஒரு கடைசி இடம், இப்போது என்ன சொல்கிறாய் என்று. ஒன்றும் சொல்லவில்லை. 3-2 வரும் என்று நானும் கடைசி நிமிஷம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் பதில் போட்டேன்.

அடுத்த சீசன் முதல் மேட்ச் சென்னையில் என்றால் யாராவது முன்னாடியே சொல்லுங்கள். பி ஸ்டாண்ட், இரண்டு டிக்கெட். பையன் இப்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். கேட் பக்கம் உள்ள வரிசை வேண்டாமாம்.